மேற்பார்வைக் குழுவுக்கு ஒரு தனிப் படிக்கட்டு

எங்கள் மாநகரத்தில் காவல் துறையைப் பொதுமக்களே மேற்பார்வை செய்ய வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானது. அந்தப் பொதுமக்கள் யார் யார் என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் காவல் துறையே மனமுவந்து ஏற்றுக்கொண்டது. வெளியாரிடம் விட்டால் தவறு நடந்துவிடும் என்று அஞ்சினார்கள்.

குழுவுக்குச் சுதந்திரப் பொதுமக்கள் மேற்பார்வைக் குழு என்று பெயர் வைத்தார்கள். ஓய்வுபெற்ற டி.எஸ்.பி. திருமூர்த்தி தலைவரானார். பொதுமக்களின் குறைகளை அவரைவிட நெருங்கி நின்று பார்த்தவர் எவருமில்லை என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தார்கள். அது உண்மைதான். இரண்டாவது உறுப்பினர் பனியன் ஏற்றுமதியாளர் ராஜ்கமல். சந்திப்புகளில் நிற்கும் இரும்புத் தடுப்புகளை எல்லாம் வாங்கிக் கொடுத்தவர் அவர். அவற்றில் 'போலீஸ்' என்ற எழுத்தைவிட அவருடைய கம்பெனியின் பெயர் சற்றுப் பெரிதாக இருக்கும். மூன்றாவது உறுப்பினர் சாதாரண குடிமகனாக இருக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி இருந்தது. விழா நாள் காலை வரை அதை யாரும் கவனிக்கவில்லை.

அன்று காலை சாயப்பட்டறை வீதி காவல் நிலையத்துப் பெஞ்சில் நஸ்ருதீன் உட்கார்ந்திருந்தார். கம்பெனிகளில் வெட்டி ஒதுக்கும் பனியன் துணியை வாங்கி, நிறம் பிரித்து விற்கும் வேஸ்ட் வியாபாரி. காணாமல்போன அவருடைய மொபெட் கிடைத்துவிட்டதாகச் சொல்லி வரச் சொல்லியிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் அருண்குமார் அவசரமாக வெளியே வந்து பெஞ்சை ஒரு பார்வை பார்த்தார். அதில் இருந்தவர்களில் விலங்கு மாட்டாத கை நஸ்ருதீனுடையது மட்டும்தான்.

"பாய், கொஞ்சம் மாடிக்கு வந்துட்டுப் போங்க" என்றார்.

நஸ்ருதீன் மாடிக்குப் போனார். சால்வை போர்த்தினார்கள், கழுத்தில் அட்டை மாட்டினார்கள், கைதட்டினார்கள். எதற்கு என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. கீழே வந்து மொபெட்டைக் கேட்டபோது அருண்குமார் வருத்தப்பட்டார். நிலையத்தை மேற்பார்வை செய்யும் ஒருவர் நிலையத்திலிருந்து ஒரு பொருளை வாங்கிக்கொண்டு போவது நடுநிலைமைக்கு இழுக்கு, மொபெட் இங்கேயே பத்திரமாக இருக்கட்டும் என்றார். நஸ்ருதீன் அட்டையோடு நடந்தே வீட்டுக்குப் போனார். அவர் மனைவி நசீமா அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, வண்டி எங்கே என்று மட்டும் கேட்டாள்.

குழுவுக்குக் காவல் நிலையத்தின் மாடியையே ஒதுக்கியிருந்தார்கள். மின்சாரமும் தேநீரும் கீழேயிருந்து வந்தன. இதனால் சுதந்திரத்துக்குப் பங்கம் வந்துவிடக் கூடாதே என்று, தெருவிலிருந்து நேராக மாடிக்கு ஏறுகிற இரும்புப் படிக்கட்டு ஒன்றைக் கட்டடத்தின் பக்கவாட்டில் தனியாக அமைத்தார்கள். காவல் நிலையத்தை மிதிக்காமல் குழுவை அடையலாம், சுதந்திரம் என்பது இதுதான் என்று திருமூர்த்தி விழாவில் விளக்கினார். பிறகு பாதுகாப்பு கருதி, அந்தப் படிக்கட்டு முடியும் இடத்துக் கதவை உள்பக்கம் தாழிட்டார்கள். உறுப்பினர்கள் நிலையத்துக்குள் நுழைந்து, இன்ஸ்பெக்டர் அறையைத் தாண்டி, உள்படி வழியாக ஏறினார்கள். அறைக்கு ஆளுக்கொரு சாவி கொடுத்திருந்தார்கள்.

புகார் கொடுக்க விரும்புகிறவர் கீழே ரைட்டர் ஏட்டிடம் கொடுக்க வேண்டும். அவர்தான் குழுவின் செயலாளரும். புகாருக்கு ஆளான போலீஸ்காரரிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி இணைத்தால் போதும், ஏட்டு அதை மாடிக்கு அனுப்பிவிடுவார். இவ்வளவு எளிமையாக இருந்தும் ஒரு புகார்கூட வரவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் திருமூர்த்தி புகார் எதுவும் இல்லை என்று அறிவிப்பார், ராஜ்கமல் காவல் துறையைப் பாராட்டித் தீர்மானம் கொண்டுவருவார், பஜ்ஜி வரும். ஒருமுறை நஸ்ருதீன் மட்டும் தயங்கித் தயங்கி, அந்த வெளிக்கதவைத் திறந்து வைத்தால் என்ன என்று கேட்டார்.

"திறந்து வெச்சா யாரு வேணா வந்துருவாங்கல்லங்க" என்றார் திருமூர்த்தி, குழந்தைக்குச் சொல்வதுபோல.

நஸ்ருதீனின் குடோனுக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் ஒன்றில் தவசியும் சீனியம்மாளும் குடியிருந்தார்கள். கமுதிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ராஜ்கமலின் கம்பெனியில் தவசி துணிக்கு ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர், சீனியம்மாள் தைத்ததில் குறை பார்க்கும் செக்கிங்கில் இருந்தாள். பெண்கள் கழிப்பறையை வேலை நேரத்தில் பூட்டி வைக்கிறார்கள் என்று அந்த வாரம் தவசி சூப்பர்வைசரிடம் சத்தம் போட்டிருந்தார். பூட்டைத் திறந்துவிட்டார்கள். அடுத்த நாள் கம்பெனியில் துணி ரோல்கள் சிலவற்றைக் காணவில்லை என்று புகார் போனது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்த தவசியை கேட்டிலேயே வைத்து ஜீப்பில் ஏற்றினார்கள்.

மறுநாள் காலை சீனியம்மாள் குடோன் வாசலில் வந்து நின்றாள். இரவெல்லாம் காவல் நிலையத்துக்கு எதிரில் நின்றிருக்கிறாள். கேட்டால் அப்படி யாரும் இங்கே இல்லை என்கிறார்களாம்.

"நீங்க அந்தக் கமிட்டியில இருக்கீகள்லண்ணே. அவுக உள்ள இருக்காகளா இல்லையான்னு பாத்து மட்டும் சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்" என்றாள்.

நஸ்ருதீனுக்குப் போலீஸ் என்றால் பயம். அட்டை மாட்டிய பிறகு அந்தப் பயம் கூடியிருந்ததே தவிரக் குறையவில்லை. இன்று கூட்டம் இல்லையே, தலைவரிடம் கேட்க வேண்டுமே என்று எதையெதையோ சொன்னார். நசீமா உள்ளேயிருந்து அட்டையை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள்.

"இத மாட்டிட்டு வீதியில போறப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு. போயிட்டு வாங்க" என்றாள்.

அவசரக் கூட்டம் கூடியது. திருமூர்த்தி உடனே வந்துவிட்டார், வீட்டில் அவருக்கு வேறு வேலை இல்லை. ராஜ்கமல் அதைவிடச் சீக்கிரம் வந்தார், ஏற்கெனவே கீழே இன்ஸ்பெக்டர் அறையில்தான் இருந்தார். நஸ்ருதீன் விஷயத்தைச் சொன்னார். துணி காணோம் என்று புகார் கொடுத்தவர் ராஜ்கமல்தானே, இந்தக் கூட்டத்தில் அவர் உட்காரலாமா என்றும் வாய்தவறிக் கேட்டுவிட்டார். திருமூர்த்தி இதைச் சிந்தித்துப் பார்த்தார். உண்மை என்னவென்று தெரிந்த ஒரே உறுப்பினரை வெளியே அனுப்பிவிட்டு எதை விசாரிப்பது என்று திருப்பிக் கேட்டார்.

அப்போதுதான் கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது.

ஆள் கத்துகிற சத்தம். ஒருமுறை வந்து நின்றது. மேசை மேல் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிமிரவில்லை, ஆனால் அவர் பேனா நின்றுவிட்டது. மறுபடி வந்தது. இம்முறை நீளமாக வந்து, பாதியில் எதையோ வைத்து அடைத்ததுபோல் அறுந்தது.

ராஜ்கமல், பக்கத்தில் எங்கோ தையல் மிஷின் ஓடுகிறது என்றார். திருமூர்த்தி, மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைக்கச் சொன்னார்.

"அது மனுசன் சத்தமுங்க" என்றார் நஸ்ருதீன்.

திருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல, பொறுமையாகத்தான் பேசினார்.

"பாருங்க நஸ்ருதீன். சர்வீஸ்ல இருந்தப்ப இந்த மாதிரி சத்தம் நான் எவ்வளவோ கேட்டிருக்கறனுங்க. அதுல ஒண்ணுகூடப் புகாரா வந்ததில்ல. சத்தம் வேற, புகார் வேற. நாம புகார விசாரிக்கற குழுங்க."

கூட்டத்துக்கு ஒலி இடையூறு ஏற்பட்டதாக ஏட்டு எழுதிக்கொண்டார். மாடியின் தரைக்குத் தடித்த விரிப்பும் அறைக்கு ஏ.சி.யும் வேண்டும் என்று தீர்மானம் வந்தது. ஏ.சி.யைத் தன் கம்பெனி சார்பில் தருவதாக ராஜ்கமல் அங்கேயே அறிவித்தார். நஸ்ருதீன் கைதட்டவில்லை. எழுந்து நின்றிருந்தார். இப்போதே கீழே போய்ப் பார்த்துவிடலாமே, பத்துப் படிதானே என்றார்.

திருமூர்த்திக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "முன்னாடியே சொல்லாமப் போயி நின்னா, அவங்க எப்படிங்க ஒழுங்கா இருக்க முடியும்?" என்றார்.

மறுநாள் காலை பத்திரிகையாளர்கள் முன்னிலையில் நிலையத்தை ஆய்வு செய்வது என்று முடிவாயிற்று. ஏட்டு அதை ஒரு கடிதமாக எழுதி, கீழே இறங்கிப் போய், தானே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டு, மேலே கொண்டுவந்து காட்டினார்.

நஸ்ருதீன் உள்படியில் இறங்கினார். கீழே வலப்பக்கம் போனால் பின்கட்டு. அங்கேதான் அந்தச் சத்தம். அவர் கால் ஒரு அடி அந்தப் பக்கம் போனது. ஒரு கான்ஸ்டபிள் வந்து குறுக்கே நின்று, வழி இந்தப் பக்கம் சார் என்று மரியாதையாக வாசலைக் காட்டினார். நஸ்ருதீன் வாசல் பக்கமே போனார்.

வெளியே வேப்பமரத்தடியில் சீனியம்மாள் நின்றிருந்தாள். பார்த்தீர்களா என்று கேட்டாள். நாளைக்குப் பார்க்கிறோம் என்றார். உள்ளே இருக்கிறாரா என்று கேட்டாள். அதற்கும் நாளைக்குத் தெரியும் என்றார். தான் கேட்ட சத்தத்தைப் பற்றிச் சொல்லாமலே குடோனுக்கு நடந்தார். அன்று பகலெல்லாம் குடோனில் வெள்ளைத் துணியையும் கறுப்புத் துணியையும் ஒரே மூட்டையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நசீமா அவற்றை அவிழ்த்துப் பிரித்துப் போட்டாள்.

மறுநாள் காலை காவல் நிலையம் கல்யாண மண்டபம்போல் இருந்தது. வாசலில் கோலம், படிகளில் பூந்தொட்டிகள். சுண்ணாம்பு இன்னும் காயவில்லை, சாய்ந்து நின்ற நிருபர் ஒருவரின் சட்டை முதுகு வெள்ளையாகிவிட்டது. தெருவில் சீனியம்மாளோடு லைன் வீட்டுக்காரர்களும் கம்பெனியில் வேலை செய்யும் சில பெண்களும் திரண்டிருந்தார்கள். அவர்களைத் தள்ளி நிறுத்த ராஜ்கமலின் தடுப்புகள் பயன்பட்டன.

லாக்கப்பில் ஒரே ஒரு கைதி இருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தலைக்கு எண்ணெய், கையில் நாளிதழ். நஸ்ருதீனுக்கு அந்த முகம் தெரியும். அவருடைய மொபெட்டை வீதியில் ஓட்டிக்கொண்டு போகிற கான்ஸ்டபிள் அவர். சாப்பாடெல்லாம் எப்படி என்று திருமூர்த்தி விசாரித்தார். கைதி விறைப்பாக எழுந்து நின்று சல்யூட் அடித்தார். வீட்டைவிட இங்கே நன்றாக இருக்கிறது, விடுதலை ஆனாலும் போக மனமில்லை என்றார். நிருபர்கள் படமெடுத்தார்கள்.

தவசி எங்கே என்று நஸ்ருதீன் கேட்டார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படி ஒருவர் இந்த நிலையத்துக்கு வரவே இல்லை என்றார் அருண்குமார். புகார் கொடுத்த ராஜ்கமல் பூந்தொட்டி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்கட்டைத் திறந்து காட்டினார்கள். காலியாக இருந்தது. தரை கழுவி ஈரமாக இருந்தது. நஸ்ருதீன் குனிந்து அந்த ஈரத்தைப் பார்த்தார். ஆளை என்ன செய்துவிட்டார்கள் என்ற கேள்விக்கு அவர் மனம் ஒரே ஒரு பதிலைத்தான் சொன்னது. அதை வெளியே நிற்கிறவளிடம் எப்படிச் சொல்வது?

ஆய்வு திருப்தியாக முடிந்தது. இன்ஸ்பெக்டரைக் கௌரவிக்க வேண்டும், சால்வையை மாடியில் மறந்துவிட்டிருந்தார்கள். நஸ்ருதீனைப் போய் எடுத்துவரும்படி திருமூர்த்தி சொன்னார். அருண்குமாரின் முகம் சட்டென்று மாறியது. சால்வை எதற்கு சார், சிரமம் வேண்டாம் என்றார். ஏட்டு, நான் ஓடிப்போய் எடுத்துவருகிறேன் என்று முன்னால் வந்தார். திருமூர்த்திக்கு ஒருமுறை உத்தரவு போட்டால் போட்டதுதான், அதை மாற்றிப் பழக்கமில்லை. நீங்க நில்லுங்க ஏட்டு, நஸ்ருதீன் போகட்டும் என்றார். கேமராக்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் யாரும் நஸ்ருதீனைக் கையைப் பிடித்து நிறுத்த முடியவில்லை.

உள்படியில் ஏறினார். மாடிக் கதவு உள்பக்கம் தாழிடாமல், பூட்டு மட்டும் போட்டிருந்தது. சாவியைப் போட்டுத் திறந்தார்.

அவருடைய நாற்காலியில் இளவயதுக் கான்ஸ்டபிள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேசைக்கு அடியில், குழுவின் பெயர் எழுதிய பேனரை விரித்து, அதன்மேல் தவசி கிடந்தார். உதடு கிழிந்து காய்ந்திருந்தது. வலக்கை மணிக்கட்டுக்குக் கீழே ஊதி, விரல்கள் அடையாளம் தெரியவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது.

"சார், ஆய்வு கீழதான சார் நடக்குது. இங்க வர்றதாச் சொல்லலியே" என்றார் கான்ஸ்டபிள். அவருக்கும் கலக்கமாகத்தான் இருந்தது.

நஸ்ருதீனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆய்வுக் குழு நிலையத்தின் மூலை முடுக்கெல்லாம் பார்க்கும். அது பார்க்காத இடம் இந்தக் கட்டடத்தில் ஒன்றே ஒன்றுதான், அதனுடைய சொந்த அறை.

"பாய், நான் எடுக்கல" என்றார் தவசி, கீழேயிருந்து.

"தெரியுமுங்க. பேசாதீங்க."

கான்ஸ்டபிள் நஸ்ருதீனின் அட்டையைப் பார்த்தார். அட்டை தனக்கு மேலா கீழா என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழக்கத்தில் எழுந்து நின்றார். இன்ஸ்பெக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டு உள்படியில் இறங்கி ஓடினார்.

நஸ்ருதீன் அறையைச் சுற்றிப் பார்த்தார். சால்வை அலமாரி மேல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கீழே போய், எதையும் பார்க்காதவர்போல் நின்றுவிட இன்னும் நேரம் இருந்தது. இரண்டு நாளாக அவர் அப்படித்தானே நின்றார். அவர் கை சால்வை வரை போகவும் செய்தது. பிறகு அந்தக் கை தெருப்பக்கத்துக் கதவின் தாழ்ப்பாளுக்குப் போனது.

தாழ்ப்பாள் அசையவில்லை. போட்ட நாளிலிருந்து யாரும் திறக்காததால் துருவேறி இறுகியிருந்தது. இரண்டு கையாலும் இழுத்தார். தோள் கொடுத்துப் பார்த்தார். கீழே உள்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. மேசை மேலிருந்த தலைவரின் பெயர்ப்பலகையை எடுத்து, அதன் கட்டையால் தாழ்ப்பாளை ஓங்கி ஓங்கித் தட்டினார். திருமூர்த்தியின் பெயரில் பாதி உடைந்து விழுந்தது. தாழ்ப்பாள் விட்டது.

வெயில் உள்ளே வந்தது. கீழே தெருவில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"சீனியம்மா, மேல வாங்க" என்று நஸ்ருதீன் கத்தினார்.

அவள் தடுப்பைத் தள்ளிக்கொண்டு படியேறி வந்தாள். பின்னால் பெண்கள் வந்தார்கள். கூட்டம் ஏறுவதைப் பார்த்து நிருபர்களும் வந்தார்கள். சீனியம்மாள் அழவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து, கணவரின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, எழுந்திருங்க போயிருவோம் என்றாள். நஸ்ருதீன் அவளைத் தடுத்தார். இப்போது படியிறங்கினால் தப்பி ஓடியதாக இன்னொரு கேஸ் போடுவார்கள், இங்கேயே இருங்கள், எல்லோரும் பார்க்கட்டும் என்றார். இருவருமாகத் தவசியைத் தூக்கித் தலைவரின் நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

உள்கதவில் அருண்குமார் வந்து நின்றார். கூட்டத்தைப் பார்த்தார், தவசியைப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"பாய். அந்தக் கதவச் சாத்துங்க."

நஸ்ருதீன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "சாத்த வரலீங்க சார். துரு" என்றார்.

மூச்சிரைக்கத் திருமூர்த்தி வந்து சேர்ந்தார். தன் நாற்காலியில் ரத்தக் கறையோடு ஒருவர் உட்கார்ந்திருப்பதையும், நிருபர்கள் மைக்கை நீட்டுவதையும் பார்த்தார். இவர் யார், எப்படி இங்கே வந்தார் என்று கேட்டார்கள். அருண்குமார் முந்திக்கொண்டு, விசாரணைக்கு வந்தவரைக் குழுவின் பாதுகாப்பில் ஒப்படைத்திருந்தோம் என்றார். திருமூர்த்தி ஒரு கணம் திகைத்தார். ஆனால் மைக்கைக் கண்டு பேசாமல் இருந்தவர் அல்ல அவர்.

"இதுல மறைக்க ஒண்ணுமே இல்லீங்க" என்று தொடங்கினார். "பாதிக்கப்பட்டவங்க எங்க போவாங்க? எங்ககிட்டத்தான் வருவாங்க, வந்திருக்கறாரு. இந்த அறை முழுக்க முழுக்கக் குழுவோட பொறுப்பு. போலீசுக்கு இங்க ஒரு அதிகாரமும் கிடையாது. சுதந்திரம்னா சும்மாங்களா?"

நிருபர்கள் வரிக்கு வரி பதிவு செய்துகொண்டார்கள். அருண்குமார் தலையை ஆட்டி ஆமோதித்தார். அந்த அறையில் நிம்மதியாக மூச்சுவிட்ட ஒரே ஆள் அவர்தான்.

தவசியை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். விரல் எலும்புகள் முறிந்திருந்தன. அதற்குப் பிறகு அவர் கை சரியாக மடங்கவில்லை. ஓவர்லாக் மிஷினில் துணியைப் பிடித்துத் தள்ள முடியாததால் பேக்கிங்கில் வேறொரு கம்பெனியில் சேர்ந்தார். காணாமல்போன ரோல்கள் மங்கலம் ரோட்டில் ராஜ்கமலுக்கே சொந்தமான இன்னொரு குடோனில் இருந்தன. தவறான தகவல் என்று வழக்கு முடிக்கப்பட்டது. தகவலைத் தவறாகத் தந்தவர் யார் என்று யாரும் கேட்கவில்லை.

குழு விசாரணை நடத்தியது. வெளிக்கதவு எப்படித் திறந்தது என்பதே விசாரணையின் பொருள். அரசுச் சொத்தான தாழ்ப்பாளையும் தலைவரின் பெயரையும் சேதப்படுத்தியது, முன்னறிவிப்பு இல்லாமல் குழுவின் அறையைப் பார்வையிட்டது என்ற குற்றங்களுக்காக நஸ்ருதீன் நீக்கப்பட்டார். நடுநிலைமைச் சிக்கல் இனி இல்லையே என்று அவர் மொபெட்டைக் கேட்டுப் போனார். அதை ஏலத்தில் விட்டுவிட்டார்களாம்.

தமிழ்மதி என்ற வழக்கறிஞர் மூலமாகச் சீனியம்மாள் நீதிமன்றத்தில் தனிப் புகார் கொடுத்தாள். நஸ்ருதீன் முதல் சாட்சி. அது தெரிந்த வாரம் திருமூர்த்தி குடோனுக்கு வந்தார். கையில் ஊத்துக்குளி நெய் டின் இருந்தது. துணி மூட்டைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பஞ்சும் துணியுமாக இருக்கிறதே, தீயணைப்புத் துறையின் அனுமதியெல்லாம் சரியாக இருக்கிறதா என்று அக்கறையாக விசாரித்தார். பிறகு உட்கார்ந்தார்.

"நாமெல்லாம் ஒரே குழுவுல இருந்தவங்க. குழுவ நாமளே காட்டிக் குடுத்தா, அப்பறம் மக்களுக்கு யாருங்க இருக்கறாங்க?" என்றார்.

நஸ்ருதீன் உட்கார்ந்தபடியே மூட்டையின் முடிச்சை இறுக்கினார். அவர் பயந்துதான் போயிருந்தார். பதினாறு வருட வியாபாரம் அந்த மூட்டைகளில் இருந்தது. நசீமா நெய் டின்னை எடுத்துத் திருமூர்த்தியின் கார் சீட்டில் வைத்துவிட்டு வந்தாள். எங்க ஊட்ல நெய் இருக்குதுங்க என்று மட்டும் சொன்னாள். திருமூர்த்தி போன பிறகு, தீயணைப்பு அனுமதிக்கு நாளைக்கே எழுதிப் போடுங்கள் என்றாள். சாட்சி சொல்லப் போக வேண்டாம் என்று அவள் சொல்லவே இல்லை. நஸ்ருதீனும் அதை எதிர்பார்த்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து வேலையைப் பார்த்தார்.

விசாரணை அன்று நீதிமன்றம் நிரம்பியிருந்தது. ராஜ்கமல் வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போயிருந்தார். அருண்குமார் தரப்பு வக்கீல், காயம் எங்கே எப்போது பட்டது என்று எங்களுக்குத் தெரியாது, ஆள் குழுவின் பொறுப்பில் இருந்தார் என்று திருமூர்த்தியின் பேட்டியைப் போட்டுக் காட்டினார். குழுவின் வக்கீல், கட்டடமே காவல் துறையுடையது, குழு அங்கே விருந்தாளி மாதிரி என்றார். திருமூர்த்தி கூண்டில் ஏறி, தான் பேசியது பொதுவாகச் சொன்னது, குறிப்பாகச் சொன்னதல்ல என்றார். காலை முழுவதும் அந்த அறைக்குச் சொந்தக்காரரே இல்லாமல் போயிற்று. தவசி கட்டுப் பிரித்த கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். சீனியம்மாள் நின்றிருந்தாள்.

நஸ்ருதீனை அழைத்தார்கள். மாஜிஸ்ட்ரேட் ஒரு நடுவயதுப் பெண்மணி, களைத்துப் போயிருந்தார். சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டார்.

"அந்த அறை யார் பொறுப்புல இருந்துச்சு?"

நஸ்ருதீன் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தெரியாது என்று சொல்லலாம். காலையிலிருந்து எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள், யாரும் அவர்களை ஒன்றும் செய்துவிடவில்லை.

"எங்க பொறுப்புலதானுங்கம்மா" என்றார். "எங்கிட்டயும் ஒரு சாவி இருந்துச்சு. முந்துன நாளு கீழ அவரு கத்துன சத்தத்தையும் நாங்க மேல உக்காந்து கேட்டமுங்க. மூணு பேரும் கேட்டம். ஏட்டய்யாவும் கேட்டாருங்க."

அருண்குமாரின் வக்கீல் மகிழ்ச்சியோடு அதைக் குறித்துக்கொண்டார். பாதி எழுதும்போதுதான் 'கீழே' என்ற சொல் அவருக்கு உறைத்தது போலிருக்கிறது, பேனாவை நிறுத்தினார். திருமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார்.

இது உங்களுக்கும் எதிரான சாட்சி, தெரிந்துதான் சொல்கிறீர்களா என்று மாஜிஸ்ட்ரேட் கேட்டார். நஸ்ருதீன் தலையசைத்தார். அப்படியானால் அவர் நிலையத்துக்கு வரவே இல்லை என்று சொன்னது யார், உங்கள் அறையில் அவருக்குக் காவல் இருந்தது யார், கதவைச் சாத்தச் சொன்னது யார் என்று கேட்டார்.

நஸ்ருதீன் கையை உயர்த்தி ஒவ்வொருவராகக் காட்டத் தொடங்கினார். முதலில் வெள்ளைச் சட்டையில் நின்றிருந்த அருண்குமாரைக் காட்டினார். கையை இறக்காமலே அடுத்தவர் பக்கம் திருப்பினார்.

அந்தக் குழு எதையாவது பார்த்ததாகச் சொன்னது அதுவே முதல் முறை.